கொட்டகையில் கிடக்கும் 1970 ஷெவெல்: முதல் முயற்சிக்கு ஏற்றதா?

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டின் புறநகர்ப் பகுதியொன்றில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். வயது முப்பத்தெட்டு, மென்பொருள் வேலை, மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள். மசில் கார்கள் எனப்படும், பெரிய என்ஜின் கொண்ட பழைய அமெரிக்கக் கார்கள் மீது சிறுவயதிலிருந்தே தீராத ஆசை உண்டு என்றாலும், என்ஜின் ஆயில் மாற்றியதற்கு மேல் எந்தக் காரிலும் அவர் கைவைத்ததில்லை. அண்மையில், ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள பண்ணையின் கொட்டகையில் 1970ஆம் ஆண்டு செவ்ரோலே ஷெவெல் ஒன்று, முகப்பில் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) சின்னத்துடன், இருபது ஆண்டுகளாக அசையாமல் நிற்பதைக் கண்டிருக்கிறார். உரிமையாளர் காலமாகிவிட்டார், அவருடைய மூத்த மகன் 18,000 டாலர் கேட்கிறார். டைட்டில் எனப்படும் உரிமைச் சான்று கிடைக்கவில்லை. பழைய பதிவுச் சீட்டு மட்டும் இருக்கிறது. ஓடோமீட்டர் 41,000 மைல் காட்டுகிறது. என்ஜின் சுழலவில்லை. பின் சக்கரங்களுக்கு மேலேயும் வினைல் கூரையின் ஓரங்களிலும் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது.

வாசகரின் திட்டம் இது. 401கே ஓய்வூதியக் கணக்கிலிருந்து 35,000 டாலர் கடன் எடுத்துக் காரை வாங்குவது; வீட்டோடு ஒட்டிய கராஜில், குளிர்காலத்தில், பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கிக் கடைசி போல்ட் வரை கழற்றிச் சீர்செய்து மீண்டும் பூட்டுவது; அடுத்த ஆகஸ்ட்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலத்தில் ஓட்டிவிட்டு 80,000 டாலருக்கு விற்பது. மனைவிக்கு இதில் சம்மதமில்லை. சேமிப்பைப் பற்றியும், பிள்ளைகள் விளையாடும் கராஜைப் பற்றியும் அவர் கவலைப்படுகிறார். விலை சரிதானா, ஆவணம் இல்லாதது பெரிய சிக்கலா, ஓராண்டில் முடியுமா, முடியாவிட்டால் பட்டறையில் விட்டுவிடலாமா என்பவை வாசகரின் கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

பழைய வாகனங்களைப் பார்வையிட்டு, வாங்குவோருக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மதிப்பீட்டு அறிக்கை தருவது என் தொழில். ஆகவே உங்கள் கடிதத்தை ஆசைப்படுபவரின் கண்ணோடு அல்லாமல் கணக்குப் பார்ப்பவரின் கண்ணோடுதான் படிக்க முடிந்தது. காரை வாங்கவே வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. உரிமைச் சான்று முறையாக வந்து, விலையும் இறங்கினால், அது நல்ல முதல் காராக அமையக்கூடும். முழுதாகப் பிரிப்பது, ஓராண்டில் முடிப்பது, இலாபத்துக்கு விற்பது என்ற மூன்று எண்ணங்களையும் கைவிடச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உரிமைச் சான்று இல்லாத கார்

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்; ஏனென்றால் இது தீராவிட்டால் மற்றவற்றைப் பேசுவதில் பொருளில்லை. தந்தை காலமானதும் மூத்த மகன் காரை விற்கலாம் என்று நீங்களும் அவரும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் கார் இப்போது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் ஒரு பகுதி. அவருடைய மனைவி உயிரோடு இருக்கிறாரா, வேறு பிள்ளைகள் உண்டா, சொத்து விவகாரம் நீதிமன்றத்தில் நடக்கிறதா என்பதைப் பொறுத்தே யார் கையெழுத்திட முடியும் என்பது அமையும். நீதிமன்ற நடவடிக்கை இல்லாத நேர்வில், இறந்தவரின் வாழ்க்கைத் துணையோ, துணை இல்லையெனில் நெருங்கிய வாரிசோ உறுதிமொழிப் படிவமும் இறப்புச் சான்றிதழும் கொடுத்து, மாநிலச் செயலர் அலுவலகத்தில் வாகனத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள மிச்சிகனில் வழி உண்டு. எனவே நீங்கள் கேட்க வேண்டியது சிறிய உதவிதான்: அந்தக் குடும்பமே முதலில் தங்களில் உரியவர் பெயரில் டைட்டில் வாங்கட்டும், பிறகு உங்களுக்கு விற்கட்டும். "பணத்தைக் கொடுங்கள், டைட்டிலை நீங்களே எளிதாக வாங்கிவிடலாம்" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு எளிது என்றால் அதை அவரே செய்துவிடலாமே என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.

அவரிடம் டைட்டில் வந்த பிறகும் ஒரு சரிபார்ப்பு மிச்சமிருக்கிறது. 1968 முதல், செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கார்களில் வின் எனப்படும் வாகன அடையாள எண் பொறித்த தகடு, ஓட்டுநர் பக்கத்து டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி பொருத்தப்பட்டது. அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பூவிதழ் வடிவத்தில் இருக்கும். சாதாரண வட்டத் தலை ரிவெட்டோ ஸ்குரூவோ தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். தகட்டிலுள்ள எண், பதிவுச் சீட்டிலுள்ள எண், டைட்டிலில் அச்சாகும் எண் மூன்றும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். வின் தகட்டை அகற்றுவதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படியே குற்றம். பெயிண்ட் அடிக்க வசதியாக இருக்கும் என்று நல்லெண்ணத்தோடு கழற்றிவிட்டுத் திரும்ப ஒட்டினாலும் பிற்பாடு உங்களைத்தான் கேள்வி கேட்பார்கள். சீரமைக்கப்பட்ட 1959 கார்வெட் ஒன்று, தகடு கழற்றி மாட்டப்பட்ட காரணத்தால் கன்சாஸ் மாநிலத்தில் பறிமுதல் செய்யப்பட்டு, வாங்கியவர் எந்தத் தவறும் செய்யாதவராக இருந்தும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, கடைசியில் 2022இல் அந்த மாநிலம் தன் சட்டத்தையே திருத்த வேண்டிவந்தது. உங்கள் மாநிலத்தில் அப்படியொரு முன்னுதாரணமாக நீங்கள் ஆக வேண்டியதில்லை.

இணையத்தில் வாகன வரலாற்று அறிக்கை எடுத்துப் பார்த்ததாகவும், விபத்தோ திருட்டோ எதுவும் பதிவாகவில்லை என்பதால் நிம்மதியானதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதினேழு இலக்க வின் எண் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் வந்தது. அந்த அறிக்கைகள் பதினேழு இலக்கத்தை வைத்துத் தேடுபவை. உங்கள் காரின் எண்ணில் பதின்மூன்று இலக்கங்களே இருக்கும். அறிக்கை வெறுமையாக வந்ததற்குக் காரணம் அங்கே தேடுவதற்கே ஒன்றும் இல்லை என்பதுதான்.

எஸ்எஸ் சின்னமும் உண்மையும்

விலையைத் தீர்மானிப்பது இந்தப் பகுதி என்பதால் சற்று நிறுத்தி விளக்குகிறேன். 1970இல் எஸ்எஸ் என்பது தனி மாடல் அல்ல. ஷெவெல் வரிசையின் மாலிபு வகையில் ஹார்ட்டாப் (பக்க ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத கார்) அல்லது கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கக்கூடிய கார்) வாங்குபவர் கூடுதல் பணம் கட்டித் தேர்ந்தெடுத்த ஒரு தொகுப்பு. 396 என்று பெயரிடப்பட்ட என்ஜின் கொண்டது ஒன்று. அந்த ஆண்டில் அதன் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம் என்பது வேடிக்கையான செய்தி. 454 கன அங்குல என்ஜின் கொண்டது மற்றொன்று. தொகுப்பாக விற்கப்பட்டதால் அது வின் எண்ணில் ஏறவில்லை. உங்கள் காரின் எண் 13637 என்று தொடங்கினால், அது எட்டு சிலிண்டர் மாலிபு இரு கதவு ஹார்ட்டாப் என்பது மட்டும் உறுதி. எஸ்எஸ்ஸா இல்லையா என்பதற்கு அந்த எண்ணில் விடை கிடையாது. ஆனால் எதிர்த்திசையில் அது உதவும்: 13537 என்று தொடங்கினால் தொழிற்சாலையிலிருந்து ஆறு சிலிண்டரோடு வெளிவந்த கார் அது, எத்தனை சின்னங்கள் ஒட்டியிருந்தாலும் அது எஸ்எஸ் ஆகாது.

அப்படியென்றால் எதை வைத்து நம்புவது? என்ஜினின் முன்புறம், பயணி பக்கத்துச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழேயுள்ள சமதளத்தில், என்ஜின் வகையைக் குறிக்கும் எழுத்துகளும் அந்தக் காரின் வின் எண்ணின் கடைசிப் பகுதியும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதி டாஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போனால் என்ஜின் பிறந்த காரிலேயே இருக்கிறது என்று கொள்ளலாம். எழுத்துப் பொறிப்பையும் போலியாகச் செய்பவர்கள் இருப்பதால் அந்தச் சமதளம் புதிதாகத் தேய்க்கப்பட்டதுபோல் இருந்தால் நம்ப வேண்டாம். தொழிற்சாலையின் கட்டுமானத் தாள் கிடைப்பது இன்னும் உறுதியான சான்று. அது பெரும்பாலும் பெட்ரோல் டாங்கின் மேற்புறத்திலோ இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலோ செருகப்பட்டு மக்கிப்போயிருக்கும். காரோடு வந்த உத்தரவாதக் கையேட்டில் பொருத்தியிருக்கும் சிறிய உலோகத் தகடும் நல்ல சான்று. பண்ணை வீட்டின் மேசை இழுப்பறைகளில் அதைத் தேடிப் பார்க்கும்படி விற்பவரிடம் கேளுங்கள். முன் டிஸ்க் பிரேக், வட்ட வடிவ அளவுமானிகள், பன்னிரண்டு போல்ட் கொண்ட பின் ஆக்சில், எட்டில் மூன்று அங்குலப் பெட்ரோல் குழாய் ஆகியவை எஸ்எஸ் கார்களில் எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரு வார இறுதியில் இன்னொரு காரிலிருந்து எடுத்து மாட்டிவிட முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லாவிட்டால், எஸ்எஸ் சின்னம் ஒட்டிய மாலிபு என்றே நான் அறிக்கையில் எழுதுவேன். நீங்களும் அதற்குரிய விலையையே தர வேண்டும். அது கேவலமான கார் அல்ல. முதல்முறை கைவைப்பவருக்கு 307 அல்லது 350 என்ஜின் கொண்ட மாலிபு, விலை உயர்ந்த அசல் 454ஐ விட எவ்வளவோ ஏற்றது. தவறாக ஒரு துளை போட்டாலும் வரலாற்றைச் சிதைத்த பழி வராது. நீங்கள் வியந்து எழுதியிருக்கும் 450 குதிரைத்திறன் என்ற எண்ணும் எல்எஸ்6 வகை 454க்கு மட்டுமே உரியது. அதுவும் 1972க்கு முந்தைய வழக்கப்படி, துணைக் கருவிகள் எதுவும் மாட்டாத என்ஜினைச் சோதனை மேடையில் வைத்து அளந்த எண். இன்றைய காரின் எண்ணோடு அதை நேராக ஒப்பிட முடியாது.

ஓடோமீட்டரைப் பற்றி ஒரே வரி: அதில் மைலுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு, 99,999க்குப் பிறகு சுழியத்திலிருந்து தொடங்கும். 41,000 என்பது 1,41,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பையும் பாருங்கள்; அவை நேர்மையானவை.

துரு எங்கே இருக்கும்

மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொட்டகையில் இருபது ஆண்டுகள் மழை படாமல் நின்றதால் கார் பாதுகாப்பாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். மண் தரை என்றால் கீழிருந்து எழும் ஈரம் இருபது ஆண்டுகளும் தகட்டின் அடிப்பக்கத்தில் படிந்துகொண்டே இருந்திருக்கும். எலிகள் வேறு, இருக்கைக்குள்ளும் ஹீட்டர் பெட்டிக்குள்ளும் குடித்தனம் நடத்தியிருக்கும். பெயிண்ட் கொப்பளிப்பதென்பது தகடு உள்ளிருந்து அரித்து வெளியே வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். தேய்த்து அடித்தால் போய்விடும் என்ற எண்ணம் வேண்டாம்.

இந்த வகைக் காரில் நான் முதலில் பார்ப்பது பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு. அங்கே சேரும் தண்ணீர் உள்ளே கசிந்து டிக்கியின் தரையையும் அதன் இரு பக்கப் பள்ளங்களையும் தின்றுவிடும். வினைல் கூரை இருந்தால் அதன் அடியிலேயே ஈரம் தேங்குவதால் நிலைமை இன்னும் மோசமாகும். அடுத்து முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், காற்று உள்ளே வரும் முன்பள்ளம், கால் வைக்கும் தரை, பின் சக்கர வளைவுகள், கதவுகளின் அடிவிளிம்பு. காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பக்கத் தகடுகளில் ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது. ஷெவெலில் பாடியும் சேசிஸும் தனித்தனி என்பது உங்களுக்குச் சாதகம். தரைத் தகடு போனாலும் காரின் முதுகெலும்பு போகாது. ஆனால் சேசிஸே அரித்திருந்தால் கணக்கு மாறிவிடும். படுத்துக்கொண்டு, பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து செல்லும் பகுதியையும் பாடி உட்காரும் தாங்கிகளையும் கூரான கருவியால் அழுத்தமாகக் குத்திப் பாருங்கள். கருவி உள்ளே போனால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புவது நல்லது.

என்ஜின் சுழலவில்லை என்பதற்குத்தான் நீங்கள் அதிகம் அஞ்சியிருக்கிறீர்கள். எனக்கு அது குறைந்த கவலை. இந்த வகை என்ஜினைத் திறந்து சிலிண்டர் துளைத்துப் புதுப்பித்துத் தர லேத் பட்டறைகள் உண்டு, உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும், செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். டிங்கரிங் வேலை அப்படி அல்ல; தகட்டை வெட்டித் திறந்த பிறகுதான் அதற்குப் பின்னால் எவ்வளவு போயிருக்கிறது என்பது யாருக்கும் தெரியும்.

பிரித்துப் போடாமல் தொடங்குங்கள்

பாடியைத் தூக்கி எல்லாவற்றையும் கழற்றுவதுதான் முறையான சீரமைப்பு என்ற எண்ணம் காணொளிகளால் பரவியிருக்கிறது. என் தொழிலில் நான் மதிப்பிடும் கார்களில் மிகவும் பரிதாபமானவை துருப்பிடித்தவை அல்ல. நல்ல காராக இருந்து, ஆர்வத்தோடு பிரிக்கப்பட்டு, பெட்டிகளில் நிரப்பப்பட்டு, பிரித்தவரால் மீண்டும் பூட்ட முடியாமல் விற்பனைக்கு வருபவை. எது இருக்கிறது, எது தொலைந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாததால், கழற்றுவதற்கு முன்பிருந்த விலைகூட அவற்றுக்குக் கிடைப்பதில்லை. கழற்றுவதற்கு ஆறு வார இறுதிகள் போதும். பூட்டுவதற்குத்தான் கலை வேண்டும், அது உங்களிடம் இன்னும் இல்லை.

அதற்குப் பதிலாக, காரை முழுக் காராகவே வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் கையில் எடுங்கள். என்ஜினை விடுவிப்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களுக்குள் துருவிளக்கி எண்ணெய் விட்டுப் பல நாள் ஊறவைத்து, கிராங்க்ஷாஃப்டின் முன்முனை போல்ட்டில் நீண்ட கைப்பிடி மாட்டிக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். பேட்டரியை இணைத்து ஸ்டார்ட்டரால் வலுக்கட்டாயமாகச் சுழற்ற முயன்றால், ஒட்டிக்கொண்ட வால்வு ஒன்று, வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடை வளைத்துவிடும். சுழன்ற பிறகு எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தச் சோதனை செய்து, மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே போகாமல் இருந்தால், என்ஜினைத் திறக்காமலேயே ஓட்டிப் பார்க்கலாம். கேம்ஷாஃப்டில் உராயும் பழைய வகைத் தட்டை டேப்பெட்டுகளுக்குத் துத்தநாகம் கூடுதலாக உள்ள எண்ணெய் வேண்டும். புதுக் கார்களுக்கான எண்ணெய் பொருந்தாது. ஈயமில்லாப் பெட்ரோலால் வால்வு இருக்கைகள் தேய்ந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், அளவாக ஓட்டும் காருக்கு அது உடனடி ஆபத்து அல்ல. ஹெட்டைக் கழற்றும் நாளில் கடினமாக்கப்பட்ட இருக்கைகளைப் பொருத்தச் சொன்னால் போதும்.

அடுத்து பெட்ரோல் அமைப்பு. டாங்கில் இருபது ஆண்டுப் பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும். டாங்கை இறக்கும்போது மேற்புறத்தில் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் முன்பு சொன்ன கட்டுமானத் தாள் அங்கே கிடைத்தால், அந்தப் பிற்பகல் உங்கள் காரின் விலையையே மாற்றிவிடும். புது டாங்க் வாங்குங்கள், பழையதை வெல்டிங் செய்யும் யோசனையே வேண்டாம். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் இளகிக் கசியும். அவை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிரேக்கில் சிக்கனம் கூடாது: மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், எஃகுக் குழாய்கள் முழுவதும் புதிது. டயர்கள் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் புதிது. கார் ஓடுவதற்கு முன்னால் நிற்க வேண்டும். புதியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

இவ்வளவும் முடிந்தால், அடுத்த ஆகஸ்ட்டுக்குள் மங்கிய பெயிண்டோடும் கிழிந்த இருக்கையோடும் அந்தக் கார் ஓடும். 1995இல் தொடங்கி ஆகஸ்ட்டின் மூன்றாவது சனிக்கிழமையில் நடக்கும் அந்த ஊர்வலத்தில் பளபளப்பான கார்கள் மட்டும்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மிச்சிகனில் இருபத்தாறு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆன காருக்கு வரலாற்று வாகனத் தகடு வாங்கினால், ஆண்டின் மற்ற மாதங்களில் கண்காட்சி, ஊர்வலம், சங்க நிகழ்ச்சி, பழுதுச் சோதனை போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். ஆகஸ்ட்டில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதுவரை உங்களுக்குக் கிடைக்கும் பழக்கத்தை வைத்து, தகட்டு வேலையில் எது முதலில் என்பதை நீங்களே முடிவுசெய்யலாம்.

பணக் கணக்கு

முழுச் சீரமைப்புக்கு ஆயிரம் மணி நேர உழைப்பு என்பது இத்தொழிலில் மிகையான எண் அல்ல. வேலை, பிள்ளைகள், வீடு போக வாரம் பத்து மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்றால், தேர்ந்த கைக்கே இரண்டு ஆண்டுகள் ஆகும். பட்டறையில் மணிக்கு 100 டாலர் கூலி என்று வைத்துக்கொண்டால், கூலி மட்டுமே 1,00,000 டாலர். உண்மையான எஸ்எஸ் என்பதற்குச் சான்று இல்லாத காரை 80,000 டாலருக்கு விற்பதாக நீங்கள் போட்ட கணக்கு எங்கே இடிக்கிறது என்பது இதிலேயே தெரியும். இணையத்தில் நீங்கள் பார்த்த விலைகள் ஆவணமுள்ள, மிக உயர்ந்த தரத்தில் முடிக்கப்பட்ட கார்களுக்குரியவை. அவற்றிலும் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இலாபம் வந்தாலும் அதற்கு வரி உண்டு. நட்டம் வந்தால், சொந்த உபயோகப் பொருளின் நட்டம் என்பதால், அதை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. வாங்கும்போதே, விலைக்கும் சந்தை மதிப்புக்கும் எது அதிகமோ அதில் 6 சதவீத வரியை மாநிலத்துக்குக் கட்ட வேண்டும்; 18,000 டாலர் என்றால் 1,080 டாலர்.

401கே கடனை நான் ஆதரிக்க மாட்டேன். ஐந்து ஆண்டுகளில் திருப்பிக் கட்டினால் போதும் என்பது சரிதான். ஆனால் இடையில் வேலை போனாலோ நீங்களே மாறினாலோ, பாக்கித் தொகையை அந்த ஆண்டுக்குரிய வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டும். முடியாவிட்டால் அது வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும், ஐம்பத்தொன்பதரை வயதுக்குக் கீழே இருப்பதால் 10 சதவீதத் தண்டமும் சேரும். மென்பொருள் துறையில் வேலை எவ்வளவு உறுதி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதை வைத்து, பிரேக் முடிந்த பிறகு பெட்ரோல், பெட்ரோல் முடிந்த பிறகு கூலிங் என்று போவதற்கும் நான் மேலே சொன்ன முறையே இடம்கொடுக்கிறது.

காப்பீட்டை வாங்கிய நாளிலேயே எடுங்கள். வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் மோட்டார் வாகனத்தைச் சேர்த்துக்கொள்ளாது. பழைய கார்களுக்கான காப்பீட்டில், இழப்பு நேர்ந்தால் எவ்வளவு தருவார்கள் என்பதை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஒரு மதிப்பைக் குறிப்பிட அவர்கள் பின்னர் குறைத்துக்கொள்ளக்கூடிய வகையும் இருக்கிறது, இரண்டின் பெயரும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். சீரமைப்பு முன்னேற முன்னேறப் படங்களோடும் ரசீதுகளோடும் அந்த மதிப்பை உயர்த்திக்கொண்டே போகலாம்.

பட்டறையில் விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிலிண்டர் துளைத்தல், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கட்டமைப்பைத் தாங்கும் இடங்களில் வெல்டிங், கடைசிப் பெயிண்ட் ஆகிய நான்கையும் விட்டுவிடுங்கள். மற்றவற்றை நீங்களே செய்யுங்கள். மிச்சிகனில் கூலிக்குப் பழுதுபார்க்கும் பட்டறைகள் மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எழுத்துமூல மதிப்பீடு கேட்டுப் பெறுங்கள், உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு சிறு வரம்புக்கு மேல் அதை மீறிச் செலவை ஏற்றக்கூடாது என்பதும் சட்டம். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். உங்கள் காரின் அசல் கார்புரேட்டர் புதியதைவிட மதிப்புள்ளதாக இருக்கலாம். கூலி பாக்கி வைத்தால் காரைப் பிடித்துவைக்கும் உரிமை பட்டறைக்கு உண்டு. ஆகவே மொத்தமாக முன்பணம் கொடுப்பதும் வேண்டாம், பல மாதம் கணக்குப் பார்க்காமல் விடுவதும் வேண்டாம். முடிந்த வேலைக்கு மாதாமாதம் கொடுங்கள்.

கராஜும் பிள்ளைகளும்

இந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது முற்றிலும் சரி. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தூசி தட்டும் வழக்கம் நுரையீரலுக்குச் செய்யும் துரோகம், ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிவிட வேண்டும். பழைய பெயிண்டிலும், கூரையும் பக்கத் தகடும் சேரும் தொழிற்சாலை இணைப்பிலும் ஈயம் உண்டு. தேய்க்கும்போது எழும் தூசி உங்கள் சட்டையோடு படுக்கையறை வரை வரும், அதனால் அதிகம் பாதிக்கப்படுவது பிள்ளைகள். இருகூறுப் பெயிண்டிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து காற்று செலுத்தும் கவசம் வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் காயாத இடத்தில் வெல்டிங் பொறி பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தண்ணீர் சூடாக்கியின் சுடர் வரை போகும்.

எனவே வீட்டோடு ஒட்டிய கராஜில் வெல்டிங்கும் பெயிண்டிங்கும் பெரிய அளவில் தேய்ப்பதும் கூடாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிடுங்கள். பெட்ரோல் டாங்கை இறக்குவது போன்றவற்றை வெளியே, திறந்த இடத்தில் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், தாங்கிகள் இல்லாமல் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். முன் சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங் அழுத்திவைத்த நிலையில் ஆளைக் கொல்லும் வலு கொண்டது. அதை முதல்முறை கழற்றும்போது அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

இனி நடக்க வேண்டியது இது. விற்பவரிடம், டைட்டில் குடும்பத்தில் உரியவர் பெயரில் வந்ததும் வாங்கத் தயார் என்று சொல்லி, அதுவரை ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்காமல், வின் எண்ணையும் என்ஜின் பொறிப்பையும் படமெடுத்து வாருங்கள். 13637 என்று தொடங்கி, சேசிஸ் உறுதியாக இருந்து, எஸ்எஸ்ஸுக்கு ஆவணம் இல்லை என்றால், சுழலாத என்ஜினும் கொப்பளித்த பாடியும் கொண்ட மாலிபுவுக்கு 18,000 டாலர் அதிகம். அதைக் காரணங்களோடு சொல்லிக் குறைத்துக் கேளுங்கள். விற்பவர் இறங்கி வராவிட்டால், அந்த 18,000 டாலரோடு நீங்கள் செய்ய நினைத்த பழுதுச் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்குள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், டைட்டில் சுத்தமாக உள்ள, 350 என்ஜின் கொண்ட 1971 அல்லது 1972 மாலிபு ஒன்றைத் தேட முடியும். அதை வாங்கினால் முதல் வாரமே குடும்பத்தோடு ஓட்டலாம், பிரேக்கிலிருந்து வேலையைத் தொடங்கலாம். உப்புத் தூவாத தென்மேற்கு மாநிலங்களில் தேடினால் தகட்டு வேலை பெருமளவு மிச்சமாகும். லாரியில் ஏற்றிவரும் கூலி அதற்கு முன்னால் சிறு தொகைதான்.